லிஃப்ட்காரரின் மதியச் சாப்பாடு

செய்தி வந்தபோது மணி ஒன்று நாற்பது. அது செய்திதான் என்று ரசீதக்கா ஒப்புக்கொண்டபோது மணி இரண்டு பதினெட்டு. நடுவிலிருந்த முப்பத்தெட்டு நிமிடமும் அவள் தன் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தாள். பின்னால் அவளைப் போட்டு அரித்ததும் அதுதான்.

அவள் வேலை பார்த்தது குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் கலங்கல், கலங்காத தண்ணீர் நடுரோட்டில் ஓடுகிறது என்று நாள் முழுவதும் ஊரே அந்த ஒரு தொலைபேசிக்குள் வந்து அழும். இருபத்திரண்டு வருடமாக அத்தனை அழுகைக்கும் அவளிடம் மூன்று பதில்கள் இருந்தன. பதிவு பண்ணியாச்சு. ஆள் வருவாங்க. அது எங்க பிரிவு இல்ல. குழாயில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, புகார் கொடுத்தவருக்கு ரசீது எண் வந்துவிடும். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்லவே முடியாது. அலுவலகத்தில் யாரோ வைத்த பெயர் உறவுக்குள்ளும் பரவி, சொந்தப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்காத அளவுக்கு அவள் ரசீதக்கா ஆகிவிட்டாள்.

ஒன்று நாற்பதுக்கு மணி அடித்ததும் எடுத்தாள். ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசினாள். டோனட் கடையிலிருந்து பேசுகிறாளாம். ஒருவர் விழுந்துவிட்டாராம்.

"எங்க விழுந்தாரு? பள்ளத்துலயா?"

"இல்லம்மா, கடைக்குள்ள."

"கடைக்குள்ள எங்க ஆளுங்க தோண்டின பள்ளம் ஏதாவது இருக்கா?"

"டோனட் கடைக்குள்ள யாரும்மா பள்ளம் தோண்டுவாங்க?"

"அப்போ அது எங்க பிரிவு இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். முறைப்படி பார்த்தால் பதிலில் ஒரு பிழையும் கிடையாது.

ஒன்பது நிமிடம் கழித்து அதே குரல் மறுபடி வந்தது. விழுந்தவருடைய பையில் ஒரு டிபன் பாக்ஸ் இருப்பதாகவும், அதன் அடியில் இந்த எண்ணைத்தான் எழுதி ஒட்டியிருப்பதாகவும், ஆள் பழுப்பு நிறச் சட்டை போட்டிருப்பதாகவும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பதாகவும் அந்தப் பெண் ஒரே மூச்சில் கொட்டினாள். எண்ணை ஒட்டியது ரசீதக்காதான். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், போகிற கட்டடத்திலெல்லாம் டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டு வருவார். இரண்டு பாக்ஸ்கள் அப்படித் தொலைந்த பிறகு செய்த ஏற்பாடு அது. இருந்தாலும் அவள் அசரவில்லை.

"என் வீட்டுக்காரரு வெளியில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாரு. டோனட் கடைக்கு அவரு எதுக்கு வரப் போறாரு? எவனோ பாக்ஸைத் தூக்கிட்டு வந்திருக்கான். பாக்ஸை மட்டும் பத்திரமா வெச்சிருங்க."

இரண்டு பதினெட்டுக்கு லிஃப்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் கூப்பிட்டார். அவர் குரலைக் கேட்டதும் அவளுக்கு மூன்று பதில்களும் மறந்துபோயின.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் டாக்டரிடம் ஒரே கேள்வி கேட்டாள்: ஒன்று நாற்பதுக்கே கிளம்பி வந்திருந்தால் கண்ணைத் திறந்து பார்த்திருப்பாரா? டாக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். எப்படிச் சொல்ல முடியும் என்பதையும் அவர் சொல்லவில்லை. அந்தத் தொனி அவளுக்கு நன்றாகத் தெரிந்த தொனி. இருபத்திரண்டு வருடமாக அவளே பாடுபட்டு வளர்த்தது.

லிஃப்ட்காரரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முப்பத்தோரு வருடம் ஊர்மக்களை மேலே தூக்கிவிட்ட மனிதர். தான் மட்டும் படியேறித்தான் போவார், ஏனென்றால் லிஃப்ட் நின்றுபோனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். பதினாலு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றால், மூன்றாவது மாடிக்குப் போகவேண்டிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பார். "ஆயிடும்" என்பார் இவர். அவர் பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான். வேலை முடிந்து லிஃப்ட் ஓடத் தொடங்கியதும், இத்தனை நேரம் அவரைச் சுற்றி நின்றவர்கள் அவரை இடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவை மூடிக்கொள்வார்கள். நன்றி சொல்ல நேரமிருக்காது. லிஃப்டுக்குள் போனதும் மனிதர்கள் எல்லோரும் மேலே ஓடும் எண்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

வீட்டிலும் அவர் வாயிலிருந்து சொற்கள் எண்ணி எண்ணித்தான் விழும். கல்யாணமாகி இருபத்தேழு வருடம். முதல் பதினாறு வருடம், சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போது "எப்படி இருந்துச்சு?" என்று அவள் கேட்டால் "ம்" என்பார். நன்றாக இருந்தாலும் ம், தீய்ந்திருந்தாலும் ம். திடீரென்று பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவருக்கு நாக்கு முளைத்தது. "பீன்ஸ் முத்தல்" என்றார். அவள் ஆடிப்போய்விட்டாள். மறுநாள் "பருப்புல பூண்டு கொஞ்சம் ஜாஸ்தி." அதற்கு மறுநாள் "பூசணிக்காய்ல தண்ணி நிக்குது." அன்றிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. கோபம் வருவதற்குப் பதில் அவளுக்குப் பெருமை பொங்கியது. இத்தனை வருடம் சமைத்துப் போட்டதில் ஒரு மரக்கட்டைக்கே ருசி தெரிந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அவள் வாழ்க்கையில் உடனுக்குடன் நடவடிக்கை எடுத்த புகார்கள் அவை மட்டும்தான்.

வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. வெளிச் சாப்பாடு வாசலைத் தாண்டக் கூடாது. ஊர்க் குழாய்களில் என்ன ஓடுகிறது என்று தினமும் எழுதிப் பதிவு செய்கிறவள் வேறு எப்படி இருப்பாள்? அந்தத் தண்ணீரில்தான் கடைக்காரன் தட்டு கழுவுகிறான் என்பாள். லிஃப்ட்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "என் வீட்டுக்காரரு வெளியில வாயே திறக்க மாட்டாரு" என்று அவள் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொள்வாள். பேச்சைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் "நெஞ்சு வலியாமே" என்று உரக்கவும், "டோனட் கடையிலயாமே" என்று மெதுவாகவும் பேசினார்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு வருடம் ஆகியிருந்தது. அவள் காப்பிக்குக்கூட எண்ணித்தான் சர்க்கரை போட்டாள். லிஃப்ட்காரரின் தங்கை, அதாவது ரசீதக்காவின் நாத்தனார், மூன்று நாள் தங்கி அழுதாள். நாலாவது நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது டம்ளர் காப்பியை வாங்கி ஊதியபடி, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"எங்க அண்ணன் சின்ன வயசுலேர்ந்து நாக்கை அடக்கின ஆளு அண்ணி. வீட்ல வாய்க்கு ருசியா ஏதாவது கிடைச்சிருந்தா, அது ஏன் கண்ட கடை வாசல்ல போய் நிக்கப் போகுது? உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன்."

பொதுவாகச் சொன்ன அந்தச் சொல் நேராக வந்து தைத்தது. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு ரசீதக்காவின் மண்டைக்குள் ஒரே கேள்வி குடைந்துகொண்டிருந்தது. மதியம் அவர் டோனட் கடையில் நின்றார் என்றால், விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு எங்கே போனது? பாக்ஸ் காலியாகத்தானே வரும், அதுவும் கழுவித் துடைத்து! குப்பைத் தொட்டிக்கா? தெருநாய்க்கா? அப்படியென்றால் தினமும் பூண்டு ஜாஸ்தி என்று கண்டுபிடித்தது எந்த நாய்? இத்தனை வருடம் யாருக்குச் சமைத்தோம் என்று தெரியாமல் இனி அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையிலேயே முடியவில்லை. மூன்று வாரமாக அவள் பிஸ்கட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அவருடைய மழைக்கோட்டின் உள்பையில் மூன்று அட்டைகள் கிடைத்தன. பத்து முறை சாப்பிட்டால் ஒன்று இலவசம் என்று கடைகள் கொடுக்கும் முத்திரை அட்டைகள். இரண்டு சாண்ட்விச் கடை, ஒரு டோனட் கடை. வரிசை வரிசையாக முத்திரைகள், தேதியோடு. முத்திரை குத்திய எதையும் சந்தேகிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு புதன்கிழமை காலையில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அட்டைகளோடு கிளம்பினாள்.

முதல் கடை ரயில் நிலையத்துக்கு எதிரில், கண்ணாடியும் வெளிச்சமுமாக, பல் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. கையுறை போட்ட ஒரு பெண், என்ன வேண்டும் என்று கேட்டதோடு விடவில்லை. எந்த ரொட்டி, பாதியா முழுசா, சுடவா வேண்டாமா, சீஸ் எந்த வகை, வெள்ளரியா ஊறவைத்த வெள்ளரியா, மேலே எந்த சாஸ் என்று துருவிக்கொண்டே போனாள். தெரு பெயர், கதவு எண், எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஊரையே துருவியவளுக்கு முதல்முறையாகக் கவுன்டரின் இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

"இந்த அட்டைக்காரரு என்ன சாப்பிடுவாரோ அதையே குடுங்க" என்றாள்.

"பிரவுன் சட்டையா? பாக்கெட்ல ஸ்க்ரூடிரைவர்?" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "லிஃப்ட் சார்! அவரு எதுவும் கேட்க மாட்டாரு மேடம். எதைக் காட்டினாலும் 'ஆகட்டும்'பாரு. ஆனா அவரு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருவாரு. மதியத்துக்குக் கேட்டா சாப்பாடு ஆயிடுச்சும்பாரு. இப்பல்லாம் ஆளையே காணோமே?"

வேறு ஊருக்குப் போயிருக்கிறார் என்று ரசீதக்கா சொல்லிவிட்டாள். கொடுத்ததைக் கடித்துப் பார்த்தாள். ரொட்டி, அதற்குள் இலை, இலைக்குள் இன்னொரு இலை, அதற்கும் நடுவில் சங்கோஜமாக ஒரு துண்டு முட்டை. ஆட்டுக்குச் செய்ததை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைத்தாள். ஆனாலும் நின்றபடியே முழுவதையும் தின்று முடித்தாள். பிஸ்கட்டுக்கு இது மேல்.

இரண்டாவது கடைக்கு, கடை என்ற பெயரே அதிகம். கோர்ட்டின் பின்பக்க நடையில் ஒரு மேசை, ஒரு தோசைக்கல் அளவு இரும்புத் தகடு, ஒரு மனிதர். இரண்டு ரொட்டிக்கு நடுவில் முட்டையை அமுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். குமாஸ்தாக்கள் நின்றுகொண்டே விழுங்குவார்கள். அந்தக் கட்டடத்திலேயே உடனுக்குடன் முடிந்த ஒரே காரியம் அது. அவரும் அதையேதான் சொன்னார்: லிஃப்ட்காரர் மாதம் இரண்டு தடவை வருவார், நாலு மணிக்கு மேல்தான், மதியம் வந்ததே இல்லை. "மதியத்துக்கு வேற இடத்துல ஏற்பாடு இருக்குன்னு ஒரு நாள் சொன்னாரும்மா" என்றார். ஏற்பாடு என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது அட்டை டோனட் கடையுடையது. சந்தைத் தெருவில், லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் அலுவலகத்திலிருந்து நாலு கடை தள்ளி இருந்தது. வாசல்வரை வந்தவளுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வளையம் வளையமாக அடுக்கியிருந்தார்கள். வெள்ளைச் சர்க்கரை தூவியது, சாக்லேட் பூசியது, வண்ணப் பொட்டு ஒட்டியது. மாவுப் பண்டத்தின் நடுவில் ஓட்டையைப் போட்டு, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டு விற்கிறார்கள். அவள் அலுவலகமும் ஓட்டைகளால்தான் பிழைத்தது. ஆனால் யாரும் விளக்குப் போட்டுக் காட்டியதில்லை.

கவுன்டரில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் நின்றிருந்தாள். ரசீதக்கா வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே அவள் நிமிர்ந்தாள்.

"நீங்கதானே பள்ளமான்னு கேட்டீங்க?"

டோனட்காரம்மா குனிந்து, கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு துணிப்பையை எடுத்து வைத்தாள்.

"பாக்ஸைப் பத்திரமா வெச்சிருங்கன்னு சொன்னீங்க. இருபத்தாறு நாளா வெச்சிருக்கேன். யாரும் வரல."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சொன்ன வேலையைச் செய்துவிட்டதாகத்தான் சொன்னாள். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, ரசீதக்காவுக்கு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவள் இருபத்திரண்டு வருடத்தில் பயன்படுத்தியதில்லை. இலாகா அதை ஊக்குவிப்பதில்லை.

"நான் பதிவு பண்ணியிருக்கணும்" என்றாள். "முதல் தடவையே பதிவு பண்ணியிருக்கணும்."

டோனட்காரம்மாவுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ரசீதக்கா அதை எங்கே பிடித்த தண்ணீர் என்று கேட்காமல் குடித்தாள். பிறகு அந்தப் பெண் தானாகவே சொன்னாள். தினமும் ஒன்றரை மணிக்கு வருவார், சர்க்கரை தூவியதில் ஒன்று வாங்குவார், இதே ஸ்டூலில் உட்காருவார். டாக்டருக்குப் பயந்து பாதியைச் சாப்பிட்டுவிட்டு நிறுத்துவார். மீதிப் பாதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் அதையும் சாப்பிட்டுவிடுவார். அன்றைக்கு இரண்டு கடிதான் கடித்திருந்தார். பாக்ஸ் எப்போதும்போலக் கழுவித்தான் இருந்தது.

"யார் கழுவினது?"

"எதிர்க்கடை மாஸ்டர்தான். தினமும் அவருதானே கழுவித் துடைச்சுக் குடுப்பாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எதிர்க்கடைக்கு அட்டை இல்லை, முத்திரை இல்லை. ஆறு மேசை போட்ட பழைய சாண்ட்விச் கடை. நுழைந்ததும் எதிர்ச்சுவரில் நாலு திருகு போட்டு ஒரு தகரப் பலகை: வெளி உணவுக்கு அனுமதி இல்லை. உண்மையில் அவள் வீட்டு வாசலில் மாட்டியிருக்க வேண்டிய பலகை. மதியக் கூட்டம் இன்னும் வரவில்லை. கவுன்டருக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிய ஒரு பருத்த மனிதர் தக்காளியைத் தாள் தாளாக வெட்டிக்கொண்டிருந்தார். ரசீதக்கா அவர் முன்னால் பாக்ஸை வைத்தாள். அவர் பாக்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கத்தியைக் கீழே வைத்தார்.

"வீட்டம்மாவா நீங்க?"

"இதுல இருந்ததைச் சாப்பிட்டது யாரு?"

"நான்தாம்மா."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தும். நாயாக இருக்கும், குப்பைத் தொட்டியாக இருக்கும் என்றெல்லாம் தயாராக வந்தவளுக்கு, எதிரில் ஒரு ஆள் நின்றதும் எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. தெரிந்த முறையிலேயே விசாரித்தாள்.

"பீன்ஸ் முத்தல்னு சொன்னது?"

"நான்தான்."

"பருப்புல பூண்டு ஜாஸ்தின்னது?"

"அதுவும் நான்தாம்மா. ஆனா அது பழைய கதை. இப்ப ஏழெட்டு வருஷமா பூண்டு சரியா இருக்கு."

"இருக்கும். நீங்க சொல்லித்தானே குறைச்சேன். பதினோரு வருஷமா புகார் குடுத்திருக்கீங்க, ஒரு ரசீது வாங்கல."

மாஸ்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முகம் கோணியது. பிறகு, அவள் கேட்காமலேயே, ஒவ்வொன்றாக அவரிடமிருந்து வெளியே வந்தது. அவர் தனியாள், கடைக்கு மேலேயே ஒரு அறையில் இருக்கிறார். இருபது வருடமாக ரொட்டி வெட்டுகிறார். ஊரே வரிசையில் நின்று வாங்குவதைப் பார்த்தால் அவருக்குக் குமட்டும். மதியமானால் கை ரொட்டியை வெட்டும், வயிறு சோற்றைத் தேடும். அவள் சமையலை வைத்தே அவளைத் தெரியும் என்றார். வேலை மும்முரமான வாரத்தில் எல்லாமே கொஞ்சம் வேகாமல் இருக்கும். மகிழ்ச்சியாக இருந்தால் முட்டை வரும். சண்டை போட்ட நாளில் உப்பே இருக்காது.

"அந்த மாதிரி நாள்ல அவருகிட்ட சொல்லி அனுப்புவேன்மா, இன்னிக்குக் குறை ஒண்ணும் சொல்லாதீங்க, அருமைன்னு சொல்லிடுங்கன்னு."

ரசீதக்காவுக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. நாத்தனாரைப் பற்றிய ஒரு பெரிய சண்டைக்கு மறுநாள், வேண்டுமென்றே உப்பில்லாமல் கட்டிக்கொடுத்தாள். சாயங்காலம் அவர் வந்து பாக்ஸை நீட்டி "இன்னிக்கு அருமை" என்றார். எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று அவள் அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுதிருக்கிறாள். குடும்பத்தின் சமாதானம் பதினோரு வருடமாக ஒரு ரொட்டிக்கடையிலிருந்து பார்சலாக வந்துகொண்டிருந்திருக்கிறது.

கடைசியில் அவள் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அவருக்கு என் சாப்பாடு பிடிக்கலையா?"

மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பிடிக்கலைன்னு ஒரு நாளும் சொன்னதில்லம்மா. முன்னாடியெல்லாம் மொட்டை மாடில லிஃப்ட் மோட்டார் ரூம் இருக்குமே, அங்கதான் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து தனியா சாப்பிடுவாராம். பதினாறு வருஷம். அப்புறம் கம்பெனில, மோட்டார் ரூம்ல யாரும் உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்க. இங்க வந்து ஒரு மேசைல பாக்ஸைத் திறந்தாரு. நான்தான் அந்த போர்டைக் காட்டினேன்."

ரசீதக்கா திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.

"மூடிட்டு எந்திரிச்சாரு. அப்புறம் என்ன நினைச்சாரோ, 'இது வீணாப் போகும், நீங்க உள்ள வெச்சு சாப்பிடுங்க, உள்ள போர்டு இல்லையே, எனக்கு ரெண்டு ரொட்டி குடுங்க, இங்க நாலு பேரோட உக்காந்துக்கறேன்'னாரு. ஒரு நாளைக்குன்னுதான் ஆரம்பிச்சது. மறுநாள் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேட்டு வாங்கினேன். அவருக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியாதே."

தெரியாது. அது உலகத்துக்கே தெரிந்த விஷயம். பதினாலு மாடியை ஏறச் சொன்னால் ஏறுவார், எந்த சாஸ் ஊற்றினாலும் ஆகட்டும் என்பார், வீட்டுச் சட்டத்துக்கும் கடைச் சட்டத்துக்கும் சேர்த்துத் தலையாட்டுவார். ஒரு பலகைக்காரனையும் ஒரு பெண்டாட்டியையும் ஒரே சமயத்தில் திருப்திப்படுத்த ஒரு மனிதனுக்கு அதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது. ரொட்டிதான் தன்னைத் தோற்கடித்தது என்று நினைத்து வந்தவளுக்கு, தன் சமையலுக்காக நாவூறிய ஒரு அந்நியன்தான் காரணம் என்று தெரிந்ததில் சந்தோஷப்படுவதா என்று விளங்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றார் மாஸ்டர். "பாக்ஸைக் குடுக்கறதுக்கு முன்னாடி, தினமும் நின்னுக்கிட்டே ஒரு வாய் எடுத்துக்குவாரு. சாப்பிட்டேன்னு சொல்றது பொய்யாயிடக் கூடாதாம்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் எடுத்துக்கிட்டாரு. எனக்கு அன்னிக்குச் செம கூட்டம். தட்டுல கொட்டி வெச்சுட்டு பாக்ஸைக் கழுவிக் குடுத்துட்டேன். ரொட்டியைத் தின்னு முடிச்சுட்டு, 'நல்லா இருக்கு, ஆறிடும், சீக்கிரம் சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு எதிர்ப்பக்கம் போனாரு. நான் உக்காரப் போறேன், அங்க சத்தம் கேட்டுது. போட்டுட்டு ஓடினேன். அப்புறம் அதை எடுத்துச் சாப்பிட மனசு வரல."

பதினோரு வருடத்தில் லிஃப்ட்காரர் சொந்தமாகச் சொன்ன ஒரே விமரிசனம் அது. அதையும் வேறு ஆளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"இந்த போர்டு எதுக்கு?" என்று கேட்டாள்.

"கடை ஆரம்பிச்சப்ப மாட்டினதும்மா."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்."

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். "தெரியலம்மா. எல்லாக் கடைலயும் மாட்டியிருந்தாங்க."

"கழட்டுங்க."

கழற்றலாம்தான் என்றார், ஆனால் மணி ஒன்றாகிவிட்டது, கூட்டத்தைப் பாருங்கள் என்றார். நாளைக்குக் கட்டாயம் கழற்றிவிடுவதாகச் சொன்னார். அந்த நாளைக்கு எப்போது வரும் என்று ரசீதக்காவைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை. அவர் இழுத்துப் போட்ட நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். கவுன்டரிலிருந்து வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஏறினாள். சாப்பிட வந்தவர்கள், வரிசை எங்கே தொடங்குகிறது என்று அவளிடம் கேட்டார்கள். அது எங்க பிரிவு இல்ல என்று வாய்வரை வந்துவிட்டது. அங்கே நில்லுங்கள் என்று கவுன்டரைக் காட்டினாள். மாஸ்டர் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ரொட்டி வெட்டினார்.

இடப்பக்கத்துத் திருகுகள் இரண்டும் கழன்று வந்தன. வலப்பக்கத்தில் மேலே இருந்தது துருவேறி இறுகியிருந்தது. கீழே இருந்ததில் கத்தி பிடிக்கவே இல்லை. அரை நாள் விடுப்பு ஒன்றரைக்கு முடிகிறது என்பதால் அவள் இறங்கி, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். பலகை இன்னும் அந்தச் சுவரில், வலப்பக்கத்து இரண்டு திருகுகளில் இருக்கிறது.